பேறுகாலம் பார்க்கப் போன தாய்க்கு வைத்தியம் யார் பார்ப்பது?

பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெட்டி கட்டினார்கள். இங்கிலாந்தில் இருக்கும் மகளுக்கு ஏழாம் மாதம். உம்மா புறப்படுகிறார். சுக்கு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், இரண்டு போத்தல் பேறுகால லேகியம், பேரப்பிள்ளைக்கு வெள்ளைத் துணியில் தைத்த சட்டைகள் என்று பெட்டி நிறைந்துவிட்டது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் உம்மாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும், ஆறு மாதத்துக்கு. எடை கூடிவிட்டதென்று வழியனுப்ப வந்தவர்கள் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டது அந்த மாத்திரைகளில் பாதியை. தீர்ந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நானும் அந்தக் கூடத்தில்தான் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அறுவைச் சிகிச்சை. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தாள். கையிலிருந்து ஒரு பவுண்டு செலவாகவில்லை. ஐந்து வாரம் கழித்து, பனிக்காலத்தில், உம்மாவுக்கு நெஞ்சுச்சளி முற்றி மூச்சுத் திணறல். அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டு போனார்கள். அவசரப் பிரிவில் நன்றாகப் பார்த்தார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. வார்டுக்கு மாற்றிய மறுநாள் ஓர் அலுவலர் வந்து பாஸ்போர்ட்டைக் கேட்டார். உம்மா குணமாகி வீடு வந்து ஒரு மாதத்தில் பில் வந்தது. மருமகன் அதைத் தவணை போட்டு இரண்டு ஆண்டு கட்டினார்.

அந்த நாட்டுச் சட்டப்படி மருத்துவமனை செய்தது சரி. தாய்க்கும் மகளுக்கும் இடையில் அந்தச் சட்டம் ஏன் இப்படிக் கோடு போடுகிறது, மற்ற நாடுகள் எங்கே போடுகின்றன, நம் ஊர் எங்கே போடுகிறது என்று தேடத் தொடங்கியதன் விளைவே இந்தக் கட்டுரை.

கடல் கடப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. வெள்ளாறு கடலில் சேரும் இந்த முகத்துவாரத்துக்கு மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் பெயர்கள் இருந்தன. இங்கிருந்து துணி ஏற்றிய கப்பல்கள் அச்சே, கெடா, மலாக்கா வரை போயின. பினாங்கில் சூலியா தெரு என்று ஒரு தெருவே இந்தக் கரையோரத்து மக்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஐர் கூட்டும் மோதிய போரை வைத்துத்தான் பாடப்புத்தகங்கள் இந்த ஊரை நினைவில் வைத்திருக்கின்றன. ஊர்க்காரர்களுக்கோ இது சபராளிகளின், கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்களின், ஊர். அந்தக் காலத்துச் சபராளி தனியாகப் போவான், தனியாக வருவான். நோய் வந்தால் அங்குள்ள ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இப்போது மனைவி போகிறாள், பிள்ளைகள் போகிறார்கள், பேறுகாலத்துக்கு உம்மா போகிறார், பேரனைப் பார்க்க வாப்பா போகிறார். நோயும் கூடவே போகிறது. இந்தக் கேள்வி இன்று இவ்வளவு கூர்மையாகி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் இங்கிலாந்து. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. அப்போது கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. மறுஆண்டே, 1949 இல், அந்நாட்டில் வசிக்காதவர்களிடம் கட்டணம் வாங்கும் அதிகாரத்தைச் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். எழுதியதைப் பயன்படுத்த முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1982 இல் விதிகள் வந்தன. 1989 இல் திருத்தி எழுதப்பட்ட விதிகளில் விலக்குகள் தாராளமாகவே இருந்தன: அந்நாட்டுக்கு வேலைக்கு வந்தவருக்குக் கட்டணம் இல்லை, ஓராண்டு சட்டப்படி தங்கியவருக்கும் இல்லை, அவரோடு வாழும் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. அந்தப் பட்டியலிலும் தாய் தகப்பன் கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2015 ஏப்ரல் 6 இந்த வரலாற்றில் பெரிய நாள். அன்றுதான் இரண்டு ஏற்பாடுகள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. ஒன்று, வெளிநாட்டு வருகையாளர் கட்டணத்துக்கான புதிய விதிகள். ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவரிடம் உள்நாட்டு விலைப்பட்டியலின் 150 சதவீதம் வாங்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. மருத்துவமனைக்கு அரசு 2,000 பவுண்டு தரும் ஒரு சிகிச்சைக்கு நம் ஊர் உம்மாவிடம் 3,000 பவுண்டு. மற்றொன்று, குடியேற்ற சுகாதாரக் கூடுதல் கட்டணம். ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா கேட்பவர், விசாவோடு சேர்த்து இதையும் முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். தொடங்கியபோது ஆண்டுக்கு 200 பவுண்டு. 2019 இல் 400. 2020 அக்டோபரில் 624. 2024 பிப்ரவரி 6 முதல் 1,035. மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 776. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஐந்தாண்டு விசா என்று கணக்குப் போட்டால் 18,110 பவுண்டு வருகிறது. ஒரு பவுண்டு 110 ரூபாய் என்று வைத்தாலும் 20 லட்சத்தைத் தொடுகிறது. சம்பளத்தில் பிடிக்கும் வரி இதில் சேராது.

இதைக் கட்டிய குடும்பத்துக்கு மருத்துவமனை திறந்திருக்கும். மகளின் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லாமல் போனது அதனால்தான். வருகையாளர் விசாவில் ஆறு மாதத்துக்குப் போகும் தாய்க்கு இந்தக் கட்டணத்தைக் கட்டும் வாய்ப்பே இல்லை. நான் கட்டுகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மகள் கேட்டாலும் வழியில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு முதல் வருத்தம். இனாமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. விலை கொடுத்துச் சேரும் வாசலாவது தாய்க்குத் திறந்திருக்கலாம்.

2015 விதிகளில் குடும்பத்தாருக்கான விலக்கு என்று தனியே ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவருக்கு ஏதோ ஒரு காரணத்தால் விலக்கு இருந்தால், சில வகைகளில் அது அவர் குடும்பத்துக்கும் நீளும். குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பதிவு செய்த துணைவர், அவர் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகள். அவ்வளவுதான். அகதியாக ஏற்கப்பட்டவருக்கும், புகலிடம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவருக்கும் மருத்துவக் கட்டணம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிப்போய் லண்டனில் அகதி நிலை பெற்ற மகனுக்கு மருத்துவம் உண்டு. முப்பது ஆண்டு பிரிந்திருந்த மகனைப் பார்க்க வரும் தாய்க்கு பில் உண்டு. ஈழத்துத் தாயும் பரங்கிப்பேட்டை உம்மாவும் அந்த வார்டில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

யாராக இருந்தாலும் கட்டணம் இல்லாதவை சில உண்டு. இவை பலருக்குத் தெரியாததால் வீண் பயமும் வீண் செலவும் நேர்கின்றன. அவசரப் பிரிவுச் சிகிச்சை, உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் வரை, எல்லாருக்கும் இலவசம். நம் ஊர்க் கிளினிக் போல அங்குள்ள குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கும் வருகையாளரிடம் கட்டணம் கிடையாது. பதிவு செய்துகொள்ளக் கேட்கலாம். காசநோய் போன்ற தொற்றுநோய்களுக்குச் சிகிச்சை இலவசம். எச்.ஐ.வி. சிகிச்சை 2012 அக்டோபரிலிருந்து அந்தப் பட்டியலில் சேர்ந்தது. குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களுக்கு அதன் விளைவாகத் தேவைப்படும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில், பணம் கட்டவில்லை என்று சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. பில் பிறகு வரும். பிரசவம் இந்த வகையில்தான் வருகிறது: மறுக்க மாட்டார்கள், ஆனால் விலக்கு இல்லாதவரிடம் பணம் கேட்பார்கள். காத்திருக்கக்கூடிய சிகிச்சை என்றால் 2017 அக்டோபர் 23 முதல் முன்பணம் கட்டினால்தான் நடக்கும். 500 பவுண்டு, அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் பாக்கி நின்றால் உள்துறைக்குத் தகவல் போகும். அடுத்த விசாவை மறுக்க அது காரணமாகலாம். இவை இங்கிலாந்துப் பகுதிக்கான விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி விதிகள்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் உறுத்துவது செவிலியர்களின் நிலை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது; பிரிட்டன் மருத்துவமனைகளுக்கு அதுவும் செவிலியர்களை அனுப்பியிருக்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பெண்கள் பலர் தனியார் ஏஜென்சிகள் வழியாகவும் போயிருக்கிறார்கள். கொரோனாவின்போது எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, சுகாதாரப் பணியாளர் விசாவில் போகிறவர்களுக்கும் அவர்களது துணைவர், பிள்ளைகளுக்கும் கூடுதல் கட்டணம் தள்ளுபடியானது. நல்ல காரியம். ஆனால் அந்தச் செவிலி தன் வார்டில் இரவெல்லாம் பிறர் தாயைப் பார்த்துவிட்டு வரும்போது, அவளைப் பெற்ற தாய் அதே வார்டில் படுத்தால் 150 சதவீதம். தாயை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளலாமே என்றால், 2012 ஜூலை 9 முதல் அந்த வாசலும் ஊசிமுனை அளவுக்குக் குறுகிவிட்டது. அன்றாட வேலைகளையே பிறர் உதவியின்றிச் செய்ய முடியாத நிலையில் தாய் இருக்க வேண்டும். அந்த உதவி, மகள் பணம் அனுப்பினாலும் ஊரில் கிடைக்காது என்று நிரூபிக்கவும் வேண்டும். பணம் கொடுத்தால் ஆள் கிடைக்கும் தமிழ்நாட்டை வைத்துக்கொண்டு இதை எப்படி நிரூபிப்பது? பராமரிப்புப் பணியாளர்களுக்கோ 2024 மார்ச் 11 முதல் துணைவரையும் பிள்ளைகளையும்கூட அழைத்துப் போக அனுமதி இல்லை.

தாய் தகப்பனைக் குடும்பமாக ஏற்றுக்கொண்ட சட்டம் ஐரோப்பாவில் இல்லாமல் இல்லை. அதைப் பார்க்க நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கடலோரமாகத் தெற்கே காரைக்காலுக்கும் வடக்கே புதுச்சேரிக்கும் போனால் போதும். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றிருந்தது. அப்படி எழுதிக்கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள். அவர்களில் பலர் பிறகு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் என்ற உரிமையில் லண்டனுக்கும் வந்தார்கள். ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு உத்தரவு குடும்பம் என்ற சொல்லுக்குத் தந்த பொருளில், தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் துணைவரின் பெற்றோரும் உண்டு. ஆகவே லண்டனில் வேலை பார்த்த பிரெஞ்சுக் குடிமகனான காரைக்கால்காரர், தம்மைச் சார்ந்திருந்த தாயைச் சட்டப்படி அழைத்துக் குடிவைக்க முடிந்தது. அங்கே குடியிருப்பவர் என்பதால் அந்தத் தாய்க்கு மருத்துவமனைக் கட்டணமும் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகி, 2020 டிசம்பர் 31 அன்று மாறுதல் காலம் முடிந்தபோது இந்த வழி அடைபட்டது; அதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர்களின் பெற்றோருக்கு மட்டும் ஒரு சிறு கதவு மிச்சமிருக்கிறது.

ஒரே கடற்கரை. ஒரே மீன்குழம்பு. இரண்டு வீட்டிலும் தாயைக் கூப்பிடும் சொல்லும் ஏறத்தாழ ஒன்று. ஒருவரின் பாட்டனார் 1962 இல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார், மற்றவரின் ஊர் பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்தது. அறுபது ஆண்டு கழித்து லண்டன் மருத்துவமனையில் ஒரு தாய்க்கு பில் வருவதும் வராததும் அதைப் பொறுத்து அமைந்தது. குடும்பம் எது என்பது இயற்கையாக அமைந்த ஒன்று என்று நினைத்திருந்த எனக்கு, அதை ஓர் அலுவலகம் எழுதுகிறது என்பது இந்த இடத்தில்தான் உறைத்தது.

மனைவியையே குடும்பத்திலிருந்து வெளியே நிறுத்திய ஊரும் உண்டு. ஹாங்காங்கில் பொது மருத்துவமனைகளில் அந்நகர அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மிகக் குறைந்த கட்டணம். 2003 ஏப்ரல் 1 வரை, அட்டை உள்ளவரின் மனைவி சீனாவிலிருந்து வருகைச் சீட்டில் வந்திருந்தாலும் அவருக்கும் அதே கட்டணம்தான். அன்றிலிருந்து அவர் வெளியார் ஆனார். 2005 இல் வெளியாருக்கான பிரசவக் கட்டணம் 20,000 ஹாங்காங் டாலர். 2007 பிப்ரவரி முதல் 39,000, முன்பதிவு செய்யாமல் வந்தால் அதற்கும் மேல். உள்ளூர்க்காரரின் மனைவியாக இருந்து, உள்ளூர்க் குழந்தையைப் பெற்றெடுத்த ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். 2012 ஏப்ரலில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம், தலைமை நீதிபதி ஜெஃப்ரி மாவின் தீர்ப்பில், அவருக்கு எதிராகவே முடிவு சொன்னது. பொதுப்பணம் அளவானது; யாருக்கு மானியம் என்று எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்; அங்கே குடியிருக்கும் உரிமையை வைத்துக் கோடு போடுவது அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது அதன் சாரம்.

இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. அந்த ஆண்டுகளில் ஹாங்காங் பிரசவ வார்டுகள் நிரம்பி வழிந்தன. உள்ளூர்த் தாய்மாருக்குப் படுக்கை கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து மருத்துவமனையில் தரையில் பாய் விரித்துப் படுத்த தாய்மாரைப் பார்த்தவனுக்கு அந்தப் பயம் புரியும். ஆனால் கோடு போட்டே ஆக வேண்டும் என்பதால் போட்ட கோடெல்லாம் சரியாகிவிடாது. கணவன் வரி கட்டுகிறான், குழந்தை குடிமகன், நடுவில் இருப்பவள் மட்டும் வெளியார் என்றால், அந்தக் கோடு ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் விழுகிறது.

வளைகுடாவுக்கு வருவோம். எங்கள் ஊரில் வீட்டுக்கொருவர் அங்கேதான். அங்கே இந்தக் கேள்வி விலக்கு என்ற உருவில் எழுவதில்லை. காப்பீட்டுச் சீட்டு யார் பொறுப்பு என்ற உருவில் எழுகிறது. அபுதாபியில் 2005 ஆம் ஆண்டின் 23 ஆம் சட்டம், தொழிலாளிக்கு மட்டுமின்றி அவர் மனைவிக்கும் 18 வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கும் முதலாளியே காப்பீடு எடுக்க வேண்டும் என்றது. துபாயின் 2013 ஆம் ஆண்டின் 11 ஆம் சட்டம் வேறு மாதிரி: முதலாளி தொழிலாளிக்கு எடுத்தால் போதும், மனைவி மக்களுக்கு அவர்களை ஸ்பான்சர் செய்கிறவர் எடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் இருக்கும் இரண்டு நகரங்களில் ஒரே சம்பளக்காரரின் குடும்பத்துக்கு இரண்டு விதி. குடும்பத்தை அழைக்கவே மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். கடையில் நிற்கும் பையனுக்கு அது எட்டாது. அவன் மனைவி பரங்கிப்பேட்டையில்தான் இருப்பாள். அவளுக்கு அந்த ஊர் விலக்கும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம்.

சவூதியில் தொழிலாளிக்கும் உடன் வாழும் குடும்பத்துக்கும் காப்பீடு முதலாளியின் கடமை. ஆனால் 2017 ஜூலையில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி தொடங்கி, 2020 இல் 400 ஆனது. காப்பீடு ஒரு கையால் வந்தது, வரி மறு கையால் வாங்கிப் போனது. அந்த ஆண்டுகளில் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாளாக அறைக்கு மாறியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. கத்தாருக்கு விசிட்டில் போகிறவர் 2023 பிப்ரவரி 1 முதல் மாதம் 50 ரியால் கட்டி அவசரச் சிகிச்சைக் காப்பீடு எடுக்க வேண்டும். குவைத் 2024 பிப்ரவரியில் குடும்ப விசிட் விசாவை மறுபடி திறந்தபோது, வருகிறவர்களுக்குத் தனியார் மருத்துவமனையில்தான் சிகிச்சை என்று சேர்த்தே அறிவித்தது.

கத்தார் ஏற்பாட்டை நான் பாராட்டுவேன். தொகை சிறியது, முதலிலேயே தெரிகிறது, போகிற தாயே கட்டிவிடலாம். ஒரு நாடு வருகையாளரைத் தன் செலவில் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தால், கௌரவமான வழி இப்படித்தான் இருக்க முடியும்.

சிங்கப்பூரில் அரசு மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வேலை அனுமதிச் சீட்டில் போகும் தொழிலாளிக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீடு ஆண்டுக்கு 15,000 வெள்ளியாக இருந்தது. 2023 ஜூலை 1 முதல் 60,000 வெள்ளி. அது தொழிலாளிக்கு மட்டும். அவர் குடும்பத்தை அழைத்துப் போகவே முடியாது. வேறு வகைச் சீட்டில் வேலை பார்ப்பவரும் பெற்றோரை நீண்டகாலச் சீட்டில் அழைக்க மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். அழைத்தாலும் மருத்துவம் முழுக் கட்டணத்தில்தான். ஒரு முன்னேற்றம் 2012 இல் வந்தது: குடிமக்களை மணந்த வெளிநாட்டுத் துணைவருக்கு மானியத்தோடு கூடிய தனி நீண்டகாலச் சீட்டு. நம் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். அங்கேயும் குடும்பம் மனைவியோடு நின்றுவிடுகிறது.

கனடாவில் 2011 டிசம்பரில் சூப்பர் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டுமான விசா. ஓராண்டுக்கு 1,00,000 கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2022 ஜூலை முதல் ஒரே வருகையில் ஐந்தாண்டு வரை தங்கலாம். டொரொண்டோவின் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பாட்டிமார் பலர் இந்த விசாவில் வந்தவர்கள்தான். பிரீமியம் கனம், எழுபதைத் தாண்டியவர்களுக்கு மிகக் கனம். ஆனாலும் பெற்றோர் குடும்பம்தான் என்று சட்டமே வாய்விட்டுச் சொல்லி, அதற்கு ஒரு விலையும் சொல்லியிருக்கிறது. பிரிட்டன் இரண்டையும் சொல்லவில்லை.

நம் வீட்டைப் பார்ப்போம். பிறரைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இருக்கிறதா?

தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012 இல் புதுப் பெயர் பெற்றது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் துணைவர், பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். பெற்றோர் என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த ஆணையை எழுதியவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரையும் அது சேர்த்துக்கொண்டிருக்கிறது. மலேசியப் பாஸ்போர்ட்டோடு கந்தூரிக்கு வந்த உறவுக்காரருக்கு எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தபோது யாரும் எந்த நாடு என்று கேட்டதில்லை.

ஆனால் மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தைப் பாருங்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு, பெரும்பாலும் வளைகுடாவுக்கு, போகும் தொழிலாளிக்கு 2003 முதல் கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தால் 10 லட்சம். நல்ல திட்டம். அதில் ஊரிலுள்ள குடும்பத்துக்கு மருத்துவமனைச் செலவு நிபந்தனைகளோடு 50,000 ரூபாய் வரை உண்டு. குடும்பம் என்றால்? துணைவரும், 21 வயது வரையுள்ள இரண்டு பிள்ளைகளும். எந்தத் தாயின் நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டினானோ அந்தத் தாய் அதிலும் இல்லை. லண்டனில் எழுதியவர்களும் டெல்லியில் எழுதியவர்களும் ஒரே பேனாவைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

பிரிட்டன் சில நாடுகளோடு பரஸ்பர சுகாதார ஒப்பந்தம் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் பேரனைப் பார்க்கப் போகும் பாட்டிக்கு, அங்கே போன பிறகு திடீரென வரும் நோய்க்குச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. குறுகிய காலம் அனுப்பப்படும் ஊழியர்களுக்கு மூன்றாண்டு வரை இரட்டைச் சமூகப் பாதுகாப்புச் சந்தா வேண்டாம் என்ற ஏற்பாடும் கூடவே பேசி முடிக்கப்பட்டது. கம்பெனிகளுக்கு அதனால் மிச்சம். சுகாதாரக் கூடுதல் கட்டணம் அப்படியே தொடரும் என்று பிரிட்டன் அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. வருகிற பெற்றோரைப் பற்றிய பேச்சே எழவில்லை. விஸ்கிக்கும் காருக்கும் வரி பேசிய மேசையில் தாய்மாருக்காக ஒரு வரி கேட்டிருக்கலாம்.

தமிழ்நாடு அரசு ஜனவரி 12 ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. அயலகத் தமிழருக்கு நலவாரியம் இருக்கிறது. அதில் போகிற பிள்ளைக்குக் காப்பீடும் இருக்கிறது. பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு கூட்டுக் காப்பீட்டை அந்த வாரியம் பேசி முடிக்க முடியும். தனித்தனியாகப் போனால் அறுபத்தைந்து வயது சர்க்கரை நோயாளிக்குக் கம்பெனிகள் முகம் கொடுப்பதில்லை. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வந்தால் கொடுப்பார்கள். இது நடக்கக்கூடியது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அதுவரை போகிறவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நடக்கும் பெரிய தவறு, பயணக் காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரையையும் பிரஷரையும் மறைப்பது. பிரீமியம் குறையும் என்று ஏஜென்டே சொல்லிக்கொடுக்கிறார். மருத்துவமனைக்குப் போனதும் முதலில் கேட்பது அதைத்தான். மறைத்தது தெரிந்தால் காப்பீடு கை விரித்துவிடும். பல காப்பீடுகள் பழைய நோயை அறவே ஏற்பதில்லை. உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும் ஏற்பவையும் உண்டு. அந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். மருந்துச் சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு வேதிப் பெயரையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். போய் இறங்கிய வாரமே குடும்ப மருத்துவரிடம் பதியக் கேட்டுப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், செலவை நினைத்து வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது; அவசரப் பிரிவு யாரையும் திருப்பி அனுப்பாது. எங்கள் தெரு உம்மா மூன்று நாள் மிளகுக் கஷாயம் குடித்துப் பார்த்தார். முதல் நாளே போயிருந்தால் மருந்தோடு வீடு திரும்பியிருக்கலாம், வார்டே தேவைப்பட்டிருக்காது என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னாராம். ஏன் போகவில்லை என்று திரும்பி வந்தபின் கேட்டேன். மகளுக்குத் தையல் இன்னும் ஆறவில்லை, மருமகனுக்கு வேலை, குழந்தையை யார் குளிப்பாட்டுவது என்றார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. மகளுக்கு மறுபடி ஐந்தாம் மாதம். போன வாரம் உம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் காப்பீட்டுப் படிவம் இருந்தது. ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். எல்லாவற்றையும் எழுதுங்கள் உம்மா என்றேன். கட்டம் சிறியதாக இருந்தது. பின்பக்கத்தில் தொடர்ந்து எழுதினோம்.